நுரை தள்ளிய ஆரத்தி

பதினோராம் வகுப்பில் நான் உயிரியல் எடுத்ததற்கு ஒரே காரணம், எனக்குப் படம் வரைய வரும். டாக்டராகி ஏழைகளுக்கு இலவசமாக ஊசி போடப்போவதாக மற்ற பையன்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். சொந்த ரத்தம் என்றால் கூடவே அழுகையும் வரும். ஆனால் ஒரு செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் பென்சிலால் வரைந்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பெயர் எழுதுகிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடாக அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சூடான பிரெட் பகோடா ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. டெல்லியில் நம் ஆட்கள் நடத்துகிற பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தேன். பெயர் வேண்டாம். என் பெயரை மறக்க அவர்கள் பட்ட பாடே போதும்.

முதல் நாள், கூராகச் சீவிய நான்கு பென்சில்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உயிரியல் மிஸ் வந்தார். தவளை வரைவார், குறைந்தபட்சம் ஓர் இலையாவது வரைவார் என்று காத்திருந்தால், போர்டில் வட்டம் ஒன்றைப் போட்டார். அதற்குள் புள்ளி. சுற்றிலும் இன்னொரு வட்டம். பக்கத்தில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று எழுத ஆரம்பித்தார். வகுப்பு மாறி வந்துவிட்டோம் என்று நினைத்து, பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தேன்.

"எங்கே கிளம்பிட்டே?"

"மிஸ், இது கெமிஸ்ட்ரி கிளாஸ் போல..."

"உன் உடம்பு எதால ஆனது?"

"சோத்தால மிஸ்."

"அந்தச் சோறு எதால ஆனது?"

"ரேஷன் அரிசி மிஸ்."

"உட்காரு" என்றார். "அணு தெரியாதவனுக்கு மூலக்கூறு தெரியாது. மூலக்கூறு தெரியாதவனுக்கு செல் தெரியாது. செல் தெரியாதவனுக்குத் தவளை தெரியாது."

நான் மழைக்காலத்தில் எத்தனையோ தவளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட என்னிடம் அணுவைப் பற்றிக் கேட்டதில்லை. இதை வாய்விட்டுச் சொன்னதில் அந்த வாரம் முழுவதும் கடைசி வரிசையில் உட்கார நேர்ந்தது. அங்கிருந்து போர்டு தெரியாது. தெரியாதது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

அரையாண்டுத் தேர்வில் கெமிஸ்ட்ரியில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினேன். உயிரியலிலும் அடி விழுந்தது. 'உயிர்களுக்கு நீர் ஏற்ற கரைப்பானாக இருப்பது ஏன்?' என்ற கேள்விக்குத் தண்ணீரின் பெருமையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி, ஓரத்தில் ஒரு தாமரைக் குளமும் வரைந்து வைத்திருந்தேன். மிஸ் அதன்கீழே எழுதியிருந்தார்: 'குளம் அழகு. பூஜ்யம்.'

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எங்கள் கெமிஸ்ட்ரி சார் நவம்பரில் கழுத்தில் சுற்றிய மஃப்ளரை மார்ச்சில்தான் கழற்றுவார். அந்த மஃப்ளருக்குள்ளிருந்து கனிவாகப் பேசினார்.

"பையன் தங்கமான பையன் சார். ஆனா இந்த குரூப் அவனுக்கு வேண்டாம். குளிர்கால லீவு முடிஞ்சதும் ரீ-டெஸ்ட் வைக்கிறேன். அதிலே தேறலேன்னா காமர்ஸ்ல போட்டுடுங்க. ஒரு அப்ளிகேஷன் எழுதிக் குடுத்தா போதும்."

காமர்ஸ். அதில் வரைவதற்கு என்ன இருக்கிறது? விசாரித்துப் பார்த்தேன். பை சார்ட் என்று ஒன்று உண்டாம். அதுவும் வெறும் வட்டம். செம்பருத்தி இல்லை, தவளை இல்லை, மண்புழுவின் குடல்கூட இல்லை. ஆயுள் முழுக்க வட்டம் போட்டுத் துண்டு போடுவதா?

அப்பா மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசர். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா டெல்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. ஆனால் எழுத்தென்று வந்துவிட்டால் அவர் முழுக்க முழுக்க அலுவலகக் கோப்புதான். அம்மா எழுதிக் கொடுக்கும் மளிகைச் சீட்டில்கூட 'பெருங்காயம் சென்ற மாதமே வாங்கப்பட்டது, பார்க்க' என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அன்று சாயங்காலமே எனக்காக ஒரு ஃபைல் திறந்தார். காமர்ஸுக்கு மாற்றக் கோரும் விண்ணப்பத்தைத் தம்முடைய முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"தேதி மட்டும் போடல" என்றார். "ரிசல்ட் வந்த அன்னைக்குப் போட்டுக்கிடுதேன்."

சிவப்பு நாடா கட்டிய அந்த ஃபைல் டிவி பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டது. செய்தி பார்த்தாலும் அது தெரியும், கிரிக்கெட் பார்த்தாலும் தெரியும்.

கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் பிளாக்கில் ஒரு பெண் இருந்தாள். என் வகுப்புதான், கெமிஸ்ட்ரியில் முதல். அவளுடைய அப்பா அம்மா தஞ்சாவூர்க்காரர்கள் என்றாலும் அவள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் அதில் மரியாதை என்ற பகுதி மட்டும் வந்து சேரவில்லை. என் அம்மாவைப் பார்த்து, "ஆன்ட்டி, நீ சாப்பிட்டியா?" என்பாள். முதல் தடவை அம்மா திடுக்கிட்டாள். அடுத்த தடவை சிரித்தாள். பிறகு, "சாப்பிட்டேன் தாயி, நீ சாப்பிட்டியா?" என்று சிநேகிதி மாதிரி பேசப் பழகிவிட்டாள்.

அவளுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. படம் வராது. சுத்தமாக வராது. அவள் வரைந்த தவளையின் ஜீரண மண்டலத்தைப் பார்த்துவிட்டு மிஸ், 'இது எந்த கம்பெனி பிரஷர் குக்கர்?' என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்.

லீவுக்கு முந்தைய நாள் ஸ்கூல் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"சுன், சொல்றதைக் கேளு. நீ என் ரெக்கார்ட் நோட்டுல படம் வரை. நான் உனக்கு கெமிஸ்ட்ரி பாஸ் பண்ண வைக்கறேன்."

"பாஸ் ஆகலைன்னா?"

"நீ காமர்ஸ் போ. என் தவளை என்கிட்ட இருக்கும்ல."

அவ்வளவு நியாயமான ஒப்பந்தத்தை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் புத்தகத்தை வாசிப்பாள். நான் ஸ்வெட்டருக்குள் தலையை இழுத்துக்கொண்டு வேர்க்கடலை உரிப்பேன். மூன்றாம் நாள், பாடத்தை நிறுத்துவதற்காகவே, மூன்றாம் மாடி வீட்டு வம்பை எடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டுக்குப் பரீட்சைக்குப் படிக்க வந்த சித்தப்பா மகன் இரண்டு வருஷமாகப் போகவே இல்லை, பால்கனியில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறான், மாசம் எத்தனை சிலிண்டர் ஆகிறது, அந்த அம்மா யாரிடமெல்லாம் சொல்லி அழுதாள் என்று எல்லாம் சொன்னேன்.

அவள் வாயைப் பிளந்தாள். "இதெல்லாம் எப்படி ஞாபகம் வைக்கற? சோடியத்துக்கு எத்தனை எலக்ட்ரான்னு கேட்டா முழிக்கற!"

"வம்புன்னா ஞாபகம் இருக்கும். சோடியம் எந்த பிளாக்ல இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

புத்தகத்தை டப்பென்று மூடினாள். "டீக் ஹை. வம்பே பேசலாம். சோடியம்னா மூணாம் மாடி ஆன்ட்டி வீடு. உள்ரூம்ல ரெண்டு பேர். வெளிரூம்ல எட்டு பேர். ஃபுல். பால்கனில ஒருத்தன் எக்ஸ்ட்ரா. மொத்தம் எத்தனை?"

"பதினொண்ணு."

"சோடியத்துக்கு எலக்ட்ரான் எத்தனை?"

"பதி... அடிப்பாவி!"

"இப்போ குளோரின். அதுவும் ஒரு வீடு. உள்ரூம்ல ரெண்டு, நடுரூம்ல எட்டு, வெளிய ஏழு பேர். எட்டாவது கட்டில் காலி. பால் பூத்ல லைன் நிக்க ஒரு ஆள் கிடைக்குமான்னு அலையறாங்க. அந்த எக்ஸ்ட்ரா பையன் அங்க போயிட்டா?"

"ரெண்டு வீட்டுக்கும் நிம்மதி."

"எலக்ட்ரானுக்கு நெகட்டிவ் சார்ஜ். அது போச்சுன்னா வீடு பாஸிட்டிவ்."

"அது எனக்கே தெரியும். எங்க மாமா ஒன்றரை வருஷம் தங்கிட்டுக் கிளம்பின அன்னைக்கு எங்க அப்பா பாட்டே பாடினார்."

"அவனை வாங்கின வீடு நெகட்டிவ். பிளஸ்ஸும் மைனஸும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும், ஒட்டிக்கும். அதுதான் உப்பு. அயனிக் பாண்ட்."

பதினாறு வருஷமாகத் தின்ற உப்புக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. அதன்பிறகு காலனி முழுவதும் கெமிஸ்ட்ரி ஆகிவிட்டது. யார் கதவைத் தட்டினாலும் திறக்காத, யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்காத ஜாயின்ட் செக்ரட்டரி ஒருவர் எங்கள் பஸ் போகும் வழியில் பங்களாவில் இருந்தார். அவர் ஆர்கான். எல்லாம் நிறைந்தவர், யாரோடும் சேரமாட்டார். காலனி சங்கத்துச் செயலாளர் பொங்கல் விழா, தண்ணீர் மோட்டார், கோயில் கமிட்டி, சீட்டாட்டம் என்று நான்கு பக்கமும் கை கோத்திருந்தார். அவர் கார்பன். அவர் இல்லாமல் காலனியில் எந்த உயிரினமும் இல்லை.

தண்ணீர் மட்டும் புரியவில்லை. ஆக்ஸிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஆனால் சமமாக இல்லை என்றாள். பங்கு என்றால் சமம்தானே என்று சண்டை போட்டேன்.

"உங்க மாமா இருந்தப்போ ரஜாய் எத்தனை இருந்தது?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், பொறி தட்டிவிட்டது. ஒரே ஒரு ரஜாய். நடுவில் மாமா. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஊரிலிருந்து லீவுக்கு வந்திருந்த பெரியப்பா மகன். போர்வை மூன்று பேருக்கும் பொது. ஆனால் விடியும்போது பார்த்தால் முழுவதும் மாமாமேல் இருக்கும், நாங்கள் இருவரும் ஓரத்து நூலைப் பிடித்துக்கொண்டு விறைத்துக் கிடப்போம். மாமா ஆக்ஸிஜன். நாங்கள் ஹைட்ரஜன். அவர் பக்கம் கொஞ்சம் நெகட்டிவ், எங்கள் பக்கம் கொஞ்சம் பாஸிட்டிவ். இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாமா இருந்தால், இந்த வீட்டுப் பையன் அந்த வீட்டு மாமாவின் ரஜாயைப் பார்த்துச் சாய்வான். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பாம். பால்கனிக்குப் பால்கனி கை நீட்டிக் கறிவேப்பிலையும் உறைமோரும் வாங்குகிற மாதிரி, ஒவ்வொன்றும் லேசானதுதான், நினைத்தால் அறுந்துவிடும். எல்லாம் சேர்ந்தால் தண்ணீர் லேசில் ஆவியாகாமல் பிடித்து வைக்கும். செல்லுக்குள் பாதிக்குமேல் இந்த உறைமோர் வியாபாரம்தான்.

"டெக்னிக்கலி சரியான்னு தெரியல" என்றாள் அவள். "பட் மார்க் வரும்."

அமிலம், காரம், பி.எச். என்று வந்தபோது வண்டி நின்றுவிட்டது. வம்பில் சிக்காத பாடம் அது. ஹைட்ரஜன் அயனி நிறைய இருந்தால் அமிலம், அளவு ஏழுக்குக் கீழே. குறைந்தால் காரம், ஏழுக்கு மேலே. ரத்தம் ஏழரைக்குச் சற்றுக் கீழே நிற்கும், கொஞ்சம் நகர்ந்தாலும் ஆள் போய்விடுவான். எல்லாவற்றையும் ஒப்பித்தேன், ஒன்றும் உள்ளே போகவில்லை. நிறங்காட்டி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "வாயைத் திறக்காது. கலர் மாறியே விஷயத்தைச் சொல்லும்" என்றாள்.

"எங்க அம்மா முகம் மாதிரியா?"

"எக்ஸாக்ட்லி. ஆனா பார்க்கணும். பார்த்தாதான் ஏறும் உன் மண்டைல."

பார்க்கும் நாளும் வந்தது. நவம்பரில் கல்யாணமாகி மதுரைக்குப் போயிருந்த அக்கா, முதல் பொங்கலுக்கு அத்தானோடு வந்துகொண்டிருந்தாள். ரயில் விடிகாலையில் வந்துவிடும் என்று அம்மா இருட்டோடு எழுந்து ஆரத்தி கரைத்துவிட்டாள். பித்தளைத் தட்டில் தண்ணீர், மஞ்சள்பொடி, சுண்ணாம்பு. கலந்தால் ரத்தச் சிவப்பு. சுண்ணாம்பு வாங்க முந்தின நாள் என்னைத்தான் பான் கடைக்கு அனுப்பினாள். "பையா, தோடா சூனா" என்று நான் கேட்டதைக் கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி பார்த்துவிட்டு, பையன் புகையிலை போட ஆரம்பித்துவிட்டான் என்று அம்மாவிடம் வந்து துக்கம் விசாரித்தது தனிக்கதை.

பனிமூட்டத்தில் ரயில் வரவே இல்லை. அப்பா காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போனவர் அங்கேயே நின்றார். பத்து மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ஆரத்தித் தட்டு ஃப்ரிட்ஜ்மேல் மூடியிருந்தது. மூன்று மணிக்கு எதிர் பிளாக்காரி புத்தகத்தோடு வந்தாள்.

"ஆன்ட்டி, இது என்ன ஜூஸ்?"

"ஜூஸ் இல்ல தாயி, ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும். மாப்பிளைக்குச் சுத்தணும்" என்று சொல்லிவிட்டு அம்மா புடவை மாற்ற உள்ளே போனாள்.

இவள் கண் விரிந்தது. "ஹல்தியும் சூனாவும்! அரே, இண்டிகேட்டர் வீட்டுலயே இருக்கு! சூனா பேஸ். அதான் ரெட். ஆசிட் போட்டா திரும்ப மஞ்சளாகும். நிம்பூ இருக்கா? ஒரு ஸ்பூன்ல எடுத்து அதுல ஒரு சொட்டு..."

அவள் சொன்னது ஒரு ஸ்பூனில், ஒரு சொட்டு. நான் எந்தக் காரியத்தையும் அளவோடு செய்து பழகாதவன். ஒரு முழு எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டித் தட்டுக்கு நேராகவே பிழிந்தேன். சாறு விழுந்த இடத்திலிருந்து மஞ்சள் பூப்பூவாக விரிந்து ஓரம் வரைக்கும் போனது. இரண்டு நொடியில் தட்டு முழுக்கப் பளீர் மஞ்சள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக கெமிஸ்ட்ரி என் கண்ணெதிரே, என் கையால் நடந்திருந்தது. ஆனந்தத்தில் இன்னொரு பழத்தையும் பிழிந்தேன்.

"பாகல்! பைத்தியம்! இப்போ திரும்ப ரெட் பண்ணு. சூனா எங்க?"

சுண்ணாம்பு வந்த இலையைப் பிரித்தேன். வழித்துத் துடைத்திருந்தாள் அம்மா. பான் கடைக்கு ஓடலாம் என்று செருப்பில் கால் நுழைத்தபோது வாசலில் டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம். தொடர்ந்து அழைப்புமணி.

"ஏல! மாப்பிள வந்துட்டாவ! தட்ட எடுத்துட்டு வா!" உள்ளேயிருந்து அம்மா.

மஞ்சள் ஆரத்தி சுற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்மா முகம் எந்த நிறத்துக்குப் போகும் என்று தெரியும்.

"பேஸ் வேணும், பேஸ்!" என்றாள் இவள். "கிச்சன்ல சோடா?"

சமையல் சோடா டப்பாவைக் கவிழ்த்தேன். தட்டு புஸ்ஸென்று பொங்கியது. பொங்கலுக்கு முந்தின நாளே எங்கள் வீட்டில் பொங்கிவிட்டது. பொங்கி அடங்கியதும் எட்டிப் பார்த்தோம். சிவப்பு இல்லை. அழுது வடிகிற ஒரு மங்கல் ஆரஞ்சு.

"வீக் பேஸ்! ஸ்ட்ராங்கா வேணும். ஜல்தி!"

குளியலறைக்குப் பாய்ந்து, துணி துவைக்கிற சோப்புத்தூளை ஒரு கை அள்ளிப் போட்டேன். சிவந்தது! குங்குமம் தோற்கும், அப்படிச் சிவந்தது. நாங்கள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தூள் கரையவில்லையே என்று ஆளுக்கொரு ஸ்பூனால் கலக்கினோம்.

அம்மா ஓடிவந்து, கண்ணெல்லாம் வாசலிலேயே இருக்க, தட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அத்தானும் அக்காவும் கிழக்குப் பார்த்து நின்றார்கள். அம்மா சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று. தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ எழுந்தது. இரண்டாம் சுற்று. அது வளர்ந்தது. மூன்றாம் சுற்றில் நுரை தட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அதிலிருந்து ஒரு குமிழி மட்டும் பிரிந்து, ஆடி அசைந்து மேலே போய், அத்தானின் மூக்கு நுனிக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்று, டப்பென்று உடைந்தது.

அத்தான் கண்ணிமைக்கவில்லை. புது மாப்பிள்ளை, அதுவும் முப்பத்தாறு மணி நேர ரயில் நாற்பத்தெட்டு மணி நேரமாகி வந்திறங்கியவர். அம்மா தட்டில் விரலைத் தோய்த்து அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள். பொட்டும் நுரைத்தது. எலுமிச்சையும் சோப்புமாக ஒரு மணம் வாசலெங்கும் பரவியது.

"நல்ல வாசமா இருக்கே" என்றார் அத்தான் மரியாதையாக. "டெல்லில இப்படியா வழக்கம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். பதினாறு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள். "ஆமா" என்றாள். "இங்க குளிருக்கு இப்படித்தான்."

அம்மா அப்போதுதான் தட்டைக் குனிந்து பார்த்தாள். நான் நிறங்காட்டி பற்றிய பாடத்தை அந்த முகத்தில் முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். தட்டைக் கீழே கொண்டுபோய்த் தெருவில் ஊற்றினாள். கீழ்வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, வாஷிங் மெஷின் ரிப்பேரா என்று ஹிந்தியில் அக்கறையாக விசாரித்தது கேட்டது. எதிர் பிளாக்காரி, "ஆன்ட்டி, நீ ரெஸ்ட் எடு, நான் நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

அத்தான் குளிக்கப் போனதும் அப்பா டிவிமேல் இருந்த ஃபைலை எடுத்தார். நாடாவை அவிழ்த்தார். பேனா மூடியைத் திருகினார்.

"ரிசல்ட் வரைக்கும் காக்க வேண்டாம்" என்றார். "மாப்பிள நெத்தியில சோப்பு போட்டுட்ட. நாளைக்குப் பரிசோதனைன்னு என்னத்தல எங்க தலையில ஊத்துவ? தேதி போட்டுருதேன்."

செம்பருத்தி, தவளை, மண்புழு எல்லாம் வரிசையாகக் கைகாட்டிவிட்டுப் போவது தெரிந்தது.

பேனா தாளைத் தொடப் போகும்போது நின்றது. அவருக்குள் இருந்த செக்ஷன் ஆபீசர் விழித்துக்கொண்டார்.

"விளக்கம் கேக்காம நடவடிக்கை எடுக்கப்படாது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வேறொரு தாள் எடுத்து நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். மெமோ. ஆரத்தி நுரைத்தது ஏன் என்று மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். தவறினால் மேல்நடவடிக்கை.

பொங்கலன்று எல்லோரும் கரும்பு தின்றார்கள். நான் விளக்கம் எழுதினேன். வேறு வழியில்லை, உண்மையைத்தான் எழுதவேண்டும். உண்மையோ முழுக்க முழுக்க கெமிஸ்ட்ரியாக இருந்தது. மஞ்சளில் இருக்கும் பொருள் காரத்தில் சிவக்கும். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் இருப்பதால் அது மஞ்சளுக்குத் திரும்பியது. சமையல் சோடா அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடை வெளிவிட்டது, பொங்கியதற்குப் பொறுப்பு அதுதான். மீந்த சோடா மென்மையான காரம், மஞ்சளை முழுதாகச் சிவக்கவைக்கும் அளவுக்கு வலுவில்லை. சோப்புத்தூள் அதைவிட வலுவானது. நுரை வந்தது என் முட்டாள்தனத்தால், அதற்குச் சமன்பாடு கிடையாது. இரண்டு பக்கம். பழக்கதோஷத்தில் ஓரத்தில் தட்டையும் குமிழியையும் வரைந்தேன். ஒரு புத்தகமும் பார்க்காமல் இத்தனையும் எழுதியிருக்கிறேன் என்பது கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது.

அப்பா கண்ணாடி போட்டுப் படித்தார். என் ஆங்கிலத்தில் ஏழு இடத்தில் திருத்தினார். ஓரத்தில் எழுதினார்: 'விளக்கம் திருப்திகரமாக இல்லை. எனினும் மறுதேர்வு முடியும் வரை நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுகிறது.'

மறுதேர்வின் எழுத்துப் பகுதியில் சோடியத்தைக் கண்டதும் மூன்றாம் மாடி ஞாபகம் வந்தது, தண்ணீரைக் கண்டதும் குளிர் எடுத்தது. ஏதோ எழுதினேன். மிச்சம் வாய்மொழித் தேர்வு. மஃப்ளர் சார் லேபில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நிறங்காட்டி பேர் சொல்லு."

முன்னால் போனவர்கள் லிட்மஸையும் ஃபினால்ஃப்தலீனையும் சொல்லி முடித்திருந்தார்கள். இரண்டாவதை நான் சொல்லப்போனால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

"மஞ்சள் சார்."

"அது காரத்திலே சிவக்கும்னு குழந்தைக்கும் தெரியும். சமையல் சோடாவும் காரம்தானே? அதிலே போட்டா?"

"சிவக்காது சார்."

சார் நிமிர்ந்தார். "ஏன்?"

"வீக் பேஸ் சார். ஒரு மாதிரி ஆரஞ்சா அழுது வடியும். நீங்க சிவப்பு வரும்னு நம்பி இறங்கினா மோசம் போயிடுவீங்க."

"இதை எந்தப் புஸ்தகத்திலே படிச்சே?"

"படிக்கலை சார். எங்க அத்தானுக்கு..." என்று ஆரம்பித்து, அம்மா புடவை மாற்றப் போனதிலிருந்து குமிழி உடைந்தது வரை சொல்லிவிட்டேன். சாரின் முகம் அசையவே இல்லை. மஃப்ளர் மட்டும் குலுங்கியது.

"அத்தானுக்குக் கண்ணு எரியலையா?" என்றார் கடைசியில்.

"எரிஞ்சிருக்கும் சார். புது மாப்பிள்ளை, சொல்லமாட்டார்."

முப்பத்து மூன்று வந்தது. தேறச் சரியாக அவ்வளவுதான் வேண்டும். அதில் கடைசி ஒரு மார்க் அத்தானின் நெற்றியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எதிர் பிளாக்காரிக்கு அந்த மாதமே முழு ரெக்கார்ட் நோட்டையும் வரைந்து கொடுத்தேன். அவளுடைய தவளையைப் பார்த்து மிஸ், 'திடீர் முன்னேற்றம்' என்று எழுதினார். அப்பா காமர்ஸ் விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. சர்க்கார் ஆட்கள் காகிதத்தைக் கிழிக்கமாட்டார்கள். 'இப்போதைக்குத் தேவையில்லை' என்று குறுக்கே எழுதித் திரும்ப நாடா கட்டினார்.

உயிரியலிலேயே நீடித்தேன். டாக்டர் ஆகவில்லை, அதனால் பிழைத்தவர்கள் பலர். எதிர் பிளாக்காரி ஆனாள். இப்போது மயூர் விஹாரில் நோயாளிகளுக்குச் சிறுநீரகம் வரைந்து காட்டுகிறாள். அவர்கள் அதை உருளைக்கிழங்கு என்று நினைத்துக் கிழங்கு சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறார்களாம். நான் தரியாகஞ்சில் பாடப்புத்தகம் போடும் ஒரு பதிப்பாளரிடம் படம் வரையச் சேர்ந்தேன். உயிரியல் புத்தகம் என்றதும் நான்கு பென்சிலைச் சீவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தைக் கையில் கொடுத்தார்கள். உயிரியலுக்கு வேண்டிய அடிப்படை வேதியியல். இரண்டு வாரம் வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் புள்ளி, சுற்றிலும் இன்னொரு வட்டம். காமர்ஸுக்குப் போயிருந்தாலும் இதே வட்டம்தான், துண்டு போட்டிருப்பேன், அவ்வளவே.

பி.எச். பட்டியல் வந்தபோது மட்டும் என் கை சும்மா இருக்கவில்லை. காரத்தின் பக்கம் சோப்புக்கட்டி வரையச் சொன்னார்கள். நான் ஒரு பித்தளைத் தட்டில் சிவப்பு ஆரத்தி வரைந்து, ஓரத்தில் கொஞ்சம் நுரையும் மேலே ஒரு குமிழியும் வைத்தேன். எடிட்டர் வட இந்தியர், தென்னிந்தியப் பண்பாடு என்று விட்டுவிட்டார். ஒரு பிரதியை அக்காவுக்கு அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து மதுரையிலிருந்து போன். அத்தானின் அம்மா. இங்கே ஒன்று சொல்லவேண்டும். சோப்பு ஆரத்தி நடந்த அந்த வருஷம் கோடையில் என் பெற்றோர் மதுரைக்குப் போனபோது, சம்பந்தி முறைக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று, 'உங்க டெல்லி வழக்கப்படியே' என்று அந்த அம்மாள் சோப்புத்தூள் கலந்து ஆரத்தி எடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அதிலிருந்து அவர்கள் வீட்டில் டெல்லியிலிருந்து யார் போனாலும் நுரை ஆரத்திதான்.

"தம்பி, புஸ்தகம் பார்த்தேன்ப்பா" என்றார்கள் உற்சாகமாக. "எங்க சொந்தக்காரய்ங்க எல்லாம், ஆரத்தியில எதுக்கு நுரைன்னு இத்தனை வருஷமா என்னையக் கேலி பேசினாய்ங்க. இப்ப எடுத்துக் காமிச்சுட்டேன்ல. பள்ளிக்கூடப் புஸ்தகத்துலயே போட்டிருக்கு பாருங்கடான்னு!"

"ஆமா அத்தை" என்றேன்.

"ஒரே ஒரு சந்தேகம். படத்துல குமிழி ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணுதான் வரணுமா? எங்களுக்கு நாலஞ்சு வந்துருதே?"

"எலுமிச்சம்பழம் ரெண்டு பிழியணும் அத்தை" என்றேன்.